பின்தோள்

அந்த நாட்டுக்கு வேலைக்குப் போக வேண்டுமென்றால் முகத்தைக் காட்டினால் போதாது, நடந்து காட்ட வேண்டும். முகத்தை வயசு மாற்றிவிடும். கல் வேலை செய்கிறவனின் கைரேகை எப்போதோ தேய்ந்துபோயிருக்கும். நடை மட்டும் ஆளை விட்டுப் போகாது என்று அவர்கள் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். மதுரைச் சுற்றுச்சாலையில், முன்பு நெல் மூட்டை அடுக்கியிருந்த ஒரு கிட்டங்கியை வாடகைக்கு எடுத்து, உள்ளே கூரை முட்ட மரப்படிகள் கட்டி, வாசலில் 'வேலை அனுமதி மையம்' என்று பலகை மாட்டியிருந்தார்கள்.

வீரணன் அங்கே வந்து இது மூன்றாம் நாள். முதல் நாள் வெறுங்கையோடு நடக்கச் சொன்னார்கள். இரண்டாம் நாள் இருபது கிலோ தூக்கிக்கொண்டு நடக்கச் சொன்னார்கள். மூன்றாம் நாள்தான் பெரிய சோதனை, மெஷினோடு சேர்ந்து தூக்க வேண்டும் என்றார்கள். அதற்கு முன்னால் ஒன்பது பக்க விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும்.

வெளியே டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து அவன் அதை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டு வயசில் குவாரித் தொழிலாளர் சங்கக் கொட்டகையில் எழுத்துப் படித்தவன். இப்போது நாற்பத்தாறு. இன்னும் உதடு அசையாமல் வாசிக்க வராது.

"என்னண்ணே, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிக்கிறீக?" என்றான் பக்கத்தில் இருந்த காசிமாயன். உசிலம்பட்டிப் பக்கத்து ஆள், செங்கல் சூளையில் தலைச்சுமை தூக்கினவன். மூன்று நாளாக வரிசையில் இவனுக்குப் பின்னால் நிற்கிறான். "கடைசிப் பக்கத்துல ஒரு கையெழுத்தப் போட்டுட்டு வாங்க. டீ ஆறுது."

"பதினோராவது பத்தியில என்னமோ போட்டிருக்கான்யா."

"என்ன, வீட்டுல பொண்ணு இருக்கான்னு கேட்டிருக்கானா?"

வீரணன் விரலை வரிக்கு அடியில் வைத்து வாசித்தான். "'பதிவு செய்யப்பட்ட நடையும் தூக்கும் முறையும் நிறுவனத்துக்கே உரியவை. பதிவானவர் பணியில் இல்லாத காலத்திலும், உயிருடன் இல்லாத காலத்திலும், அவை பணியில் இருக்கும்.'"

காசிமாயன் டீயை ஊதுவதை நிறுத்தினான். "இதெல்லாம் எவன் வாசிக்கப் போறான்னுதான போடுறான். நம்ம ஊர்ல நூறு பேர் பெருவிரல அமுக்கிட்டுப் போனாங்க. ஒருத்தன்கூட இதச் சொல்லலயே."

சேவுகன் மச்சானும் பெருவிரலை அமுக்கிவிட்டுத்தான் போனார்.

சேவுகன், வீரணனின் அக்கா சிலம்பாயியின் புருசன். போய் நாலு வருசம் ஆகிறது. முதல் இரண்டு வருசம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் குரல் வந்தது. அப்புறம் ஒரு ஞாயிறு வரவில்லை. மறு ஞாயிறும் வரவில்லை. எழுதிக் கேட்டதற்கு ஒரு காகிதம் வந்தது. பணியாளர் செப்டம்பர் மாதம் தம் விருப்பத்தின்பேரில் வேலையை விட்டு நீங்கினார், தற்போது இருக்குமிடம் தெரியாது. அதையும் வீரணன்தான் எழுத்துக்கூட்டி அக்காவுக்கு வாசித்துக் காட்டினான்.

அன்றிலிருந்து அவளை என்னவென்று வைப்பது என்று ஊருக்குத் தெரியவில்லை. கலியாண வீட்டில் குங்குமச் சிமிழோடு வருகிற பெண்கள் அவள் முன்னால் வந்ததும் ஒரு நொடி தயங்கி, அடுத்தவளிடம் பேச்சுக் கொடுத்தபடி தாண்டிப் போனார்கள். அவள் கலியாணங்களுக்குப் போவதையே விட்டுவிட்டாள். நாலு மாசத்துக்கு முன் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "சம்பாதிக்க ஒண்ணும் நீ போக வேணாம்டா. இருக்காரா, இல்லையா. அத மட்டும் பாத்துட்டு வந்து சொல்லு."

அந்த நாட்டுக்குள் கால் வைக்க வேலை அனுமதி தவிர வேறு வழி கிடையாது. அதனால்தான் இந்தப் பெஞ்சு.

மச்சானும் வீரணனும் வெள்ளப்பாறைக் குவாரியில் பதினாறு வருசம் ஒரே தடியில் கல் தூக்கியவர்கள். லாரி ஏற முடியாத பள்ளத்திலிருந்து பலகைக் கல்லை வடம் போட்டுக் கட்டி, நடுவில் தடியைச் செருகி, முன்னால் ஒருத்தர் பின்னால் ஒருத்தர் தோள் கொடுத்து மேலே ஏற்ற வேண்டும். மச்சான் முன்தோள், இவன் பின்தோள். முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்க முடியாது. பின்னால் வருகிறவனுக்குப் பாதை தெரியாது. கல் உடைக்கிற கிரஷர் போடுகிற சத்தத்தில் வாயால் சொன்னால் கேட்காது. அதனால் அந்தக் குவாரியில் விரல் முட்டியால் தடியைத் தட்டிப் பேசிக்கொள்வார்கள். காதுக்குக் கேட்க வேண்டியதில்லை. மரத்தில் ஏறி வந்து தோள் எலும்புக்குக் கேட்கும்.

பின்தோள் இரண்டு தட்டுத் தட்டினால், நான் தயார், எழு. அது வராமல் முன்தோள் எழ மாட்டார். முன்தோள் ஒரு தட்டுத் தட்டினால், இறக்கு. முன்தோள் மூன்று தட்டு, அதுவும் படபடவென்று தட்டினால், என் கால் போய்விட்டது, நீ விட்டுவிட்டுக் குதி. குதித்தவன் அடித்தொண்டையில் 'வந்துட்டேன்' என்று கத்த வேண்டும். அது காதில் விழுந்த பிறகுதான் முன்தோள் தன் தோளை உருவிக்கொள்வார். அதற்கு முன்னால் உருவினால் கல் பின்னால் இருக்கிறவன் காலில் சரியும். ஆகவே குரல் வரும்வரை, கால் வழுக்கினாலும் முழங்கால் உடைந்தாலும், பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்தக் குவாரியில் அதுதான் மரியாதை.

பதினாறு வருசத்தில் மச்சான் ஒரே ஒரு தரம்தான் மூன்று தட்டுத் தட்டினார். வீரணன் குதித்தான், கத்தினான். கல் பள்ளத்துக்குப் போய் நாலாக உடைந்தது. அன்று மாலை மச்சான் புரோட்டா வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னது ஒன்றுதான். "வாயத் தொறக்க ரொம்ப நேரம் எடுக்குற மாப்ள. சீக்கிரம் கத்து."

மத்தியானம் பெயரைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே மரப்படிகளின் அடியில் மெஷின் நின்றது. வீரணன் அதை அதுவரை திரைக்குப் பின்னால் நிழலாகத்தான் பார்த்திருந்தான். ஆள் உயரம். இரண்டு கால், இரண்டு கை, தோள் பட்டை. தோளோடு முடிந்துவிட்டது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. விரல்களுக்கு ரப்பர் சுற்றியிருந்தார்கள். கையில் எழுத்துப் பலகையோடு அதன் பக்கத்தில் நின்றவள் மையத்தின் பொறியாளர், பிரபாவதி. திருமங்கலத்துப் பெண், முப்பது வயசு இருக்கும்.

"பயப்படாதீங்கண்ணே. முன்னால அது தூக்கும், பின்னால நீங்க. மேல வரைக்கும் ஏறி இறங்கணும். நடுவுல படிய நனைச்சு வெச்சிருக்கோம், அங்க மழை ஜாஸ்தி. ஒரே ஒரு விஷயம், இது எழுந்திரிக்கக் கொஞ்சம் நேரமெடுக்கும். குனிஞ்சு அப்படியே நிக்கும். நாப்பது செகண்ட் பாப்போம், அப்புறம் நாங்க பட்டனப் போட்டு எழுப்புவோம். அதுவரைக்கும் பொறுத்துக்கங்க."

"எதுக்கு நிக்கிது?"

"தெரியல. கோளாறு."

தடி மரமில்லை, கறுப்பாக ஏதோ குழாய். நடுவில் சிமெண்டுப் பலகை தொங்கியது. மெஷின் குனிந்து தோளைக் கொடுத்தது. வலது முழங்காலை மடக்கி, இடது பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, அப்படியே நின்றுவிட்டது.

அந்த இடது பாதத்தை வீரணன் குனிந்து பார்த்தான். துண்டை மடித்துத் தோளில் போட்டான். தடிக்கடியில் புகுந்தான். முன்னால் தலையில்லாத அந்த முதுகு காத்துக்கொண்டிருந்தது. நினைத்துச் செய்யவில்லை, பதினாறு வருசப் பழக்கம், விரல் தானாகப் போனது. தடியில் இரண்டு தட்டுத் தட்டினான்.

மெஷின் எழுந்தது.

பட்டனுக்குப் போன பிரபாவதியின் கை பாதியில் நின்றது.

எழுந்ததும் அது முன்னால் போகவில்லை. அரை அடி பின்னால் வைத்து, பின்தோளில் பாரம் உட்கார்ந்துவிட்டதா என்று பார்த்தது. பிறகுதான் வலது காலை முதல் படியில் வைத்தது. மச்சான் அப்படித்தான் செய்வார். குவாரியில் வேறு யாரும் அப்படிச் செய்ததில்லை. படி ஏற ஏற ஒவ்வொன்றும் வந்தது. வளைவில் பெருவிரலால் தடியைத் தடவிவிடுவது. மூன்று படிக்கு ஒருமுறை இடது தோளைச் சின்னதாக உலுக்கி ஏற்றிக்கொள்வது. வீரணன் கண்ணை மூடிக்கொண்டான். மூடினால் முன்னால் இருப்பது மச்சான். வேர்வை வாசம் மட்டும் இல்லை.

ஒன்று மட்டும் புதிதாக இருந்தது. வலது காலை ஊன்றும்போது லேசாகத் தாங்கியது. ஊரை விட்டுப் போகும்போது மச்சானுக்கு அந்த நொண்டல் இல்லை.

நனைத்த படிகள் வந்தன. மெஷின் வேகத்தைக் குறைத்தது. ஒரு படி. இன்னொரு படி. அடுத்த படியில் அதன் வலது பாதம் ஒரு விரற்கடை நழுவியது.

தோள் எலும்பில் வந்தது. டக்டக்டக்.

வீரணன் தடியை விட்டுவிட்டுப் படியோரம் பாதுகாப்புக்குக் கொட்டியிருந்த மணல் மேடையில் குதித்தான். குதித்த வேகத்திலேயே, "வந்துட்டேன்!" என்று கிட்டங்கி அதிரக் கத்தினான்.

மெஷின் தோளை உருவிக்கொண்டு மறுபக்கம் விலகிச் சுவரோடு ஒட்டி நின்றது. சிமெண்டுப் பலகை தடதடவென்று படி முழுக்க உருண்டு கீழே போய் உடைந்தது.

தூசு மெல்ல அடங்கியது. வாசலில் வரிசையில் நின்ற காசிமாயன், "போச்சு, அண்ணன் பெயிலு," என்று முணுமுணுத்தது எல்லாருக்கும் கேட்டது.

ஆனால் பிரபாவதி அவனைத் தனி அறைக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். தண்ணீர் கொடுத்தாள்.

"அண்ணே, இந்த மெஷின் இதுவரைக்கும் பாரத்த விட்டதே இல்ல. தரையில போய் விழுற வரைக்கும் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கும். அங்க இருந்து வந்த வீடியோவெல்லாம் பாத்திருக்கேன். நீங்க என்ன பண்ணுனீங்க?"

வீரணன் தண்ணீரைக் கீழே வைத்தான். "இது யாரோட நடை?"

"பேரு எங்களுக்குத் தெரியாது. எழுபத்தொண்ணுன்னு நம்பர் மட்டுந்தான். அங்க வேலை பாக்குறவங்க எல்லாரும் ஒரு சட்டை போட்டுக்குவாங்க. எப்படித் தூக்குறாங்க, எங்க கால் வைக்கிறாங்க, என்ன சத்தம் கேக்குது, எல்லாம் அதுல பதிவாகும். இருக்குறதிலயே நல்ல பதிவு இவரோடதுதான். அங்க மலைப்படியில பலகை ஏத்த அறுநூறு மெஷின் ஓடுது, அறுநூறும் இவர் நடைதான்."

"அறுநூறா?"

"ஆமாண்ணே. முன்னால போறதுக்கு மெஷின் போதும். பின்னால தாங்குறதுக்குத்தான் இன்னும் மனுசன் வேண்டியிருக்கு."

"இந்த எழுபத்தொண்ணு எந்தத் தேதி வரைக்கும் பதிவாயிருக்கு?"

அவள் திரையைத் திருப்பித் தேடினாள். விரல் ஒரு வரியில் நின்றது. "ஆகஸ்ட் பதினேழு. மத்தியானம் மூணு இருபது. மழை. ஆயிரத்து நூத்திப் பன்னெண்டாவது படி."

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல ஒண்ணுமில்ல."

கம்பெனிக் காகிதத்தில் செப்டம்பர் என்று இருந்தது. தம் விருப்பத்தின்பேரில் என்றும் இருந்தது.

"அந்தக் கடைசி நாளையுமா மெஷினுக்குக் குடுத்தீக?"

அவள் குரல் இறங்கியது. "வழுக்குற படியில கால் எப்படி வைக்கிறதுங்குறது அன்னைக்குத்தான் நிறையப் பதிவாயிருக்கு. அதனால அத அழிக்க வேணாம்னுட்டாங்க." பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்கு அவரத் தெரியுமா?"

"என் அக்கா புருசன்."

அவள் எழுத்துப் பலகையைக் கவிழ்த்து வைத்தாள். வீரணன் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தான். இரண்டு தட்டு, ஒரு தட்டு, மூன்று தட்டு. அன்று மழையில் மச்சான் பின்னால் நின்றவன் எந்த நாட்டுக்காரனோ, அவனுக்குத் தட்டு தெரிந்திருக்காது. மச்சான் மூன்று தட்டியிருப்பார். குரல் வந்திருக்காது. குரல் வராமல் தோளை உருவ அவருக்குத் தெரியாது.

"அத்தன மெஷினும் தட்டுது," என்றாள் பிரபாவதி, தனக்குத்தானே சொல்வதுபோல. "ஒவ்வொரு தரம் கால் நழுவுறப்பவும் தடியில ஒரு அதிர்வு வருதுன்னு ரிப்போர்ட் வருது. அந்த அதிர்வாலதான் வழுக்குதுன்னு நெனச்சாங்க. போன மழையில ஏழு தரம் பாரம் விழுந்திருக்கு. பின்னால நின்னவங்க..." முடிக்கவில்லை. "அடுத்த மாசம் அந்த அதிர்வ அழிக்கப் போறாங்க."

"அழிச்சுராதீங்கம்மா."

"உண்மையச் சொன்னா இன்னும் சீக்கிரம் அழிப்பாங்கண்ணே. பாரத்த விட்டுட்டுக் குதிக்கச் சொல்ற மெஷின வெச்சுக்குவாங்களா? ஒரு பலகை உடைஞ்சா அங்க பெரிய விசாரணை. ஆளுக்கு அவ்வளவு கெடையாது."

அவள் எழுத்துப் பலகையை நிமிர்த்தி, பேனாவை எடுத்தாள். "நான் என்ன எழுதட்டும்?"

வீரணன் யோசித்தான். பொய் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை, அதிலும் எழுத்தில். "அந்த அதிர்வு, மெஷின் மூச்சு வாங்குற தட்டுன்னு எழுதுங்க. அத எடுத்தா இது எந்திரிக்கவே எந்திரிக்காதுன்னு எழுதுங்க."

எழுதினாள்.

அனுமதி அட்டை பத்து நிமிசத்தில் வந்தது. சாதாரணமாக ஆறு மாசம் ஆகுமாம். மெஷினை நாற்பது செகண்ட் காக்க வைக்காமல் எழுப்பத் தெரிந்த ஒரே ஆள் என்று அங்கிருந்து உடனே உத்தரவு வந்துவிட்டது. அட்டையில் முகம் இல்லை. வளைந்து வளைந்து போகிற ஒரு கோடு இருந்தது. அதுதான் வீரணனாம்.

"விண்ணப்பத்துல நீங்க இன்னும் கையெழுத்துப் போடல. போடுறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிடுறேன்," என்றாள் பிரபாவதி. "போட்டா உங்க பின்தோளும் அவங்களுக்குப் போயிரும். ரெண்டு மூணு வருசத்துல பின்னாலயும் மெஷின வெச்சுருவாங்க. அப்புறம் ஆளே வேணாம்."

"அப்புறம் நம்ம ஊர்க்காரனுக்கு?"

அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பி அவன் பக்கம் நகர்த்தினாள்.

வீரணன் பேனாவை எடுத்தான், வைத்தான். வெளியே வரிசையில் எண்பது பேர் நிற்கிறார்கள். காசிமாயனுக்கு மூன்று பிள்ளைகள். "நான் 'வந்துட்டேன்'னு கத்துறேனே, அதுவும் பதிவுல சேர்ந்து போகுமா?"

"போகும்."

"எப்பவும் இருக்குமா?"

"நீங்க இல்லாத காலத்துலயும் இருக்கும்."

அவன் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரைப் போட்டான்.

வெளியே வந்து டீக்கடைப் பெஞ்சில் காசிமாயனையும் இன்னும் ஏழெட்டுப் பேரையும் உட்காரவைத்து, பெஞ்சுப் பலகையைத் தட்டித் தட்டிக் காட்டினான். எல்லாரும் உள்ளங்கையைப் பலகைமேல் வைத்துப் பார்த்தார்கள்.

"ஒண்ணு தட்டுனா எறக்கு, மூணு தட்டுனா குதி," என்றான் காசிமாயன். "நாலு தட்டுனா?"

"நாலு தட்ட யாருக்கும் நேரம் இருக்காதுய்யா. குதிச்சதும் கத்து. சீக்கிரம் கத்து. உன் குரலுக்காக அங்க ஒரு ஆள் நிக்கிறாரு."

"மெஷின்தானண்ணே நிக்கிது?"

வீரணன் மறுபடியும் பலகையில் மூன்று தட்டுத் தட்டினான்.

வீடு போய்ச் சேர வெயில் தாழ்ந்துவிட்டது. அக்கா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். குவாரித் தடியைத்தான் இரண்டு வருசமாகக் கொடியாக வைத்திருக்கிறாள், ஒரு முனை வேப்பங்கிளையில், மறுமுனை சுவர் முளையில். மச்சான் திரும்பி வந்தால் கேட்பார் என்று யாருக்கும் கொடுக்கவில்லை. வீரணனுக்கு மஞ்சள்காமாலை வந்த வருசம் அவள்தான் அந்தத் தடியில் பின்தோள் கொடுத்தாள்.

"பெர்மிட்டு கெடச்சிருச்சா?"

"கெடச்சிருச்சு."

"போய்ப் பாத்துருவியா, அப்ப?"

பேருந்தில் வரும்போது வரிசையாக அடுக்கி வைத்திருந்த வார்த்தை ஒன்றையும் காணோம். தடியின் மறுமுனையில் போய் நின்றான். அக்கா நனைந்த சேலையை உதறிப் போட்டு, அதன் மேல் கையை வைத்து இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் தடியில் மூன்று தட்டுத் தட்டினான்.

சிலம்பாயியின் கை தடியிலிருந்து சட்டென்று எடுபட்டது. ஒரு அடி விலகி நின்றுவிட்டாள். சேலை பாதி நழுவி மண்ணில் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

தெருவில் ஒரு டிராக்டர் போய் அடங்கியது.

"யாரு பின்னால நின்னா?" என்றாள்.

"தெரியலக்கா. தட்டு தெரியாதவன்."

"அப்ப கொரலே குடுக்கலயா?"

"இல்ல."

"பிடிச்சுக்கிட்டே நின்னாராக்கும்." அது கேள்வியாக இல்லை. "நிப்பாரு. அப்படித்தான நிப்பாரு."

அவன் மெஷினைப் பற்றிச் சொன்னான். இடது பாதம், அரை அடி பின்னால் வைத்துப் பார்த்தது, மூன்று தட்டு. அவள் தலையை அசைக்காமல் கேட்டாள்.

"நீ கொரல் குடுத்தியா?"

"குடுத்தேன்."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு," என்றான் வீரணன். பிறகு, "வெலகிட்டாரு," என்றான்.

அவள் அப்போதுதான் தரையில் உட்கார்ந்தாள். அழுது முடிக்கிற வரை அவன் பக்கத்தில் நின்றான். முடித்ததும் சேலையை எடுத்து மண்ணைத் தட்டினாள்.

"அது ஒண்ணுதான?"

"இங்க ஒண்ணு. அங்க மலை மேல அறுநூறு நிக்குதாம்க்கா."

"அறுநூறும் தட்டுதா?"

"தட்டுது."

சிலம்பாயி மலை இருக்கிற திசை எதுவென்று தெரியாமல் எங்கோ பார்த்தாள். எழுந்து உள்ளே போய், மச்சானின் பழைய தோள் துண்டை எடுத்து வந்தாள். கறை போகாத துண்டு. நாலாக மடித்து அவன் தோளில் வைத்து அழுத்தினாள்.

"போ," என்றாள். "ஒவ்வொருத்தர்கிட்டயும் 'வந்துட்டேன்'னு சொல்லிட்டு வா."